படிக்கட்டுக்குக் கீழே ஒரு கழிவறை: அரைத்துத் தள்ளும் பம்பு நம் வீட்டுக்குச் சரிவருமா?

கேள்வி இது: கோலாலம்பூர் செந்தூலில் இரண்டு மாடி டெரஸ் (வரிசை) வீடு. முட்டிவலியால் மாடி ஏற முடியாத அம்மாவுக்குக் கீழே முன் அறையைப் படுக்கையறையாக மாற்றிக் கொடுத்தாயிற்று. கீழ்க் குளியலறையோ சமையலறைக்கும் பின்னால், ஒரு படி இறங்கி இருக்கிறது; இரவில் மூன்று தடவை அங்கே நடப்பது கஷ்டம். படிக்கட்டுக்கு அடியில் ஒரு கழிவறை போடலாமா என்று கேட்டதற்குக் கான்ட்ராக்டர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, ஒன்பது மீட்டர் தரையை உடைத்து நான்கு அங்குலக் குழாய் புதைப்பது. இன்னொன்று, ‘மெசின்’ வைத்துக் கழிவை அரைத்துச் சின்னக் குழாயில் தள்ளுவது. மெசினை நம்பலாமா?

நம்பலாம், கழிவுக்கும் கைகழுவும் தொட்டிக்கும். ஆனால் தரையில் ஊற்றும் தண்ணீரை அந்த மெசின் தானாக எடுத்துக்கொள்ளாது. நம் ஊரில் இந்தப் பம்பு வைத்துவிட்டு வருந்துகிறவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஐரோப்பாவின் உலர்ந்த தரைக் குளியலறைக்கு என்று உருவான பொருள் இது. பிரான்சின் எஸ்எஃப்ஏ நிறுவனம் 1958-இல் சானிஃப்ளோ என்ற பெயரில் கொண்டுவந்தது. நாம் ஹோஸைப் பிடித்துச் சுவரையும் தரையையும் அலசிவிடுகிறவர்கள். ஆகவே, எந்த மாடல் என்று யோசிப்பதற்கு முன், தரைத் தண்ணீர் எங்கே போகப்போகிறது என்று முடிவு செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் ஓர் அளவு எடுக்க வேண்டும். பம்பே தேவைப்படாமல் போகலாம். நான்கு அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 என்ற சரிவு வேண்டும். ஒன்பது மீட்டருக்கு அது 22.5 செ.மீ. இறக்கம். வீட்டுக்குப் பின்னால் உள்ள உங்கள் சொந்த ஆய்வுக்குழியின் (கழிவுக்குழாயைத் திறந்து பார்க்கும் குழி) மூடியைத் திறந்து, அடியில் கழிவு ஓடும் வாய்க்கால் வீட்டுத் தரைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைப் படிக்கட்டடியிலும் மறுமுனையைக் குழி அருகிலும் பிடித்தால் மட்டம் துல்லியமாகக் கிடைக்கும். அந்த ஆழம் 50 செ.மீ.க்கு மேல் இருந்து, எப்படியும் ஹாலுக்கு டைல் மாற்றப் போகிறீர்கள் என்றால், தரையை உடைப்பதே நல்லது என்பேன். சரிவில் தானாக ஓடும் குழாய்க்கு மோட்டார் இல்லை, சவ்வு இல்லை, கரண்ட் வேண்டாம். முப்பது வருடம் அதைத் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்காது.

பம்பு உண்மையிலேயே நியாயமாகிற இடங்கள் வேறு. பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் மேல்தளம் பலகை. கீழே பழைய ஓட்டுத் தரை. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வட்டாரத்துக்குள் அந்தத் தரையைப் பிளப்பது பற்றிப் பேசுவதே சிரமம். அடுக்குமாடி வீட்டில் உங்கள் தரை இன்னொருவருடைய கூரை. உங்கள் வீட்டிலும் ஹாலில் நல்ல மார்பிள் இருந்து அதை உடைக்க மனமில்லை என்றால் பம்புக்குப் போவதில் தவறில்லை.

இப்போது தரைத் தண்ணீர். கழிவுத்தொட்டிக்கு (நாம் உட்காரும் பீங்கான் கோப்பைக்கு) பின்னால் வைக்கும் பம்புப் பெட்டி சுமார் அரை மீட்டர் அகலம், ஒரு சாணுக்கும் குறைவான ஆழம். கழிவு நுழையும் வாய் அதன் முன்பக்கத்தில் தரையிலிருந்து ஏறக்குறைய 18 செ.மீ. உயரத்தில் இருக்கும். குளிக்கும் தண்ணீருக்கான பக்கத்து வாய் அதைவிடத் தாழ்வு. ஆனாலும் அது தரைக்கு மேலேதான். தண்ணீர் மேல்நோக்கி ஓடாது. ஆகவே ஷவரையும் இதே பெட்டியில் சேர்க்க வேண்டுமென்றால் குளிக்கும் இடத்தை 15 முதல் 20 செ.மீ. உயர்த்த வேண்டும். முட்டிவலிக்காரருக்கு, ஈரத்தில், ஒரு சாண் உயரப் படி! எந்தப் படிக்குப் பயந்து இந்த வேலையைத் தொடங்கினோமோ அதையே திரும்பக் கட்டிவைப்பதாகிவிடும்.

இதற்கு இரண்டு மாற்று உண்டு. தரைமட்ட வடிகாலிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் தனிப் பம்பு ஒன்று. அது குளியல் தண்ணீருக்கு மட்டும், முடி வடிகட்டி கட்டாயம். அல்லது அந்த ஓரிடத்தில் மட்டும் தரையைத் தோண்டிச் சின்னத் தொட்டி கட்டி, அதற்குள் கழிவு ஏற்றும் பம்பை இறக்குவது. தொட்டிக்கு நீர்த்தடுப்புப் பூச்சு வேண்டும். காற்றுக்குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். இரண்டும் செலவும் பராமரிப்பும் கூடியவை.

உங்களுக்கு நான் சொல்வது இவற்றைவிட எளிது. படிக்கட்டடியில் உலர் கழிவறை மட்டும் போடுங்கள்: ஒரு கழிவுத்தொட்டி, ஹோஸ், சின்னக் கைகழுவும் தொட்டி. குளியல் பின்னால் இருக்கும் அறையிலேயே நடக்கட்டும். குளியல் பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது நடக்கிற காரியம். அந்த ஒற்றைப் படிக்குச் சரிவுப்பலகையும் கைப்பிடியும் போட்டால் போதும். இரவில் அம்மா நடக்க வேண்டிய தூரம் நாலு எட்டு. தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வருகிற அக்காவுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெட்டியின் மின்பாதுகாப்பு பல மாடல்களில் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் அளவுக்குத்தான். ஹோஸால் நேராகப் பீய்ச்சுவதற்கு அல்ல.

பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் கோளாறுகள் புரியும். ஃபிளஷ் செய்ததும் கழிவு முன்வாய் வழியாக ஒரு துளைக்கூடைக்குள் விழுகிறது. பெட்டியில் தண்ணீர் உயரும்போது, தலைகீழாக நிற்கும் ஒரு குறுகிய குழாய்க்குள் அகப்பட்ட காற்று அழுந்துகிறது. அந்தக் காற்று மேலே இருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ள, சவ்வு ஒரு சின்ன சுவிட்சை அமுக்குகிறது, மோட்டார் ஓடுகிறது. கூடைக்குள் சுழலும் எஃகு அலகுகள் கழிவையும் டிஷ்யுவையும் கூழாக்க, அதே அச்சின் அடியில் உள்ள இறைப்பான் அந்தக் கூழைக் கூடையின் துளைகள் வழியாக இழுத்து வெளிக்குழாயில் தள்ளுகிறது. தண்ணீர் இறங்கியதும் காற்று தளர்ந்து சுவிட்ச் விடுபடுகிறது. ஒரு ஃபிளஷுக்குப் பத்துப் பதினைந்து விநாடி. 400 வாட் மோட்டார் நாளைக்கு இருபது தடவை ஓடினாலும் மொத்தம் ஐந்து நிமிடம், மாதத்துக்கு ஒரு யூனிட். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கைகழுவும் தொட்டியின் தண்ணீர் பெட்டியின் பக்கவாய் வழியாகக் கூடைக்கு வெளியே விழுகிறது. அலகுகளிடம் போகாமல் நேரே இறைப்பானிடம் போய்விடும். அம்மா வெற்றிலை போடுகிறவராக இருந்து தொட்டியில் துப்பினால், பாக்குத் துண்டு அரைபடாமல் இறைப்பானில் போய் மாட்டும். தொட்டியின் வாயில் கண் சிறிய சல்லடை ஒன்று போடுங்கள்.

குழாய் வேலைதான் இந்த அமைப்பின் உயிர். முதல் விதி: மேலே ஏற வேண்டுமென்றால் பெட்டியைவிட்டு வெளிவந்த உடனே ஏறிவிட வேண்டும். கிடையாகக் கொஞ்சம் ஓடிவிட்டு அப்புறம் ஏறினால் அந்தக் கிடைப்பகுதியில் கூழ் தங்கி இறுகும். ஏறிய பிறகு கிடை ஓட்டம் முழுவதும் மீட்டருக்கு ஒரு செ.மீ. இறக்கம். உங்கள் வீட்டில் 2.4 மீட்டர் ஏறி, சீலிங்குக்குள் ஒன்பது மீட்டர் பின்னோக்கிப் போனால் 9 செ.மீ. இறக்கம் வேண்டும், அவ்வளவு இடம் சீலிங்கில் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். ஒரு மீட்டர் உயரத்தைப் பத்து மீட்டர் கிடை ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் உங்களுடையது 24 கூட்டல் 9, முப்பத்து மூன்று. அதற்கு மேல் வளைவுகளின் கணக்கு. நான்கு மீட்டர் உயரத்துக்குத் தள்ளக்கூடிய பெட்டி இதை எளிதாகச் செய்யும். கழிவுத்தொட்டிக்குள்ளேயே பம்பு வைத்து வரும் கச்சிதமான மாடல்கள் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அவற்றின் தள்ளுதிறன் பொதுவாகக் குறைவு. மூன்று மீட்டர், முப்பது மீட்டர் என்ற அளவில் இருக்கும். உங்கள் ஓட்டத்துக்கு அது விளிம்பில் நிற்கும், நான் எடுக்கமாட்டேன்.

வளைவுகளில் 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு. வளையும் ரப்பர் ஹோஸ் வேண்டவே வேண்டாம், நாளடைவில் தொய்ந்து பள்ளம் விழும். அழுத்தம் தாங்கும் பிவிசி குழாயைப் பசை போட்டு ஒட்டுங்கள். இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பெட்டியோடு வரும் ரப்பர் எல்போ 22, 28, 32 மி.மீ. வெளிவிட்டக் குழாய்களுக்கு ஏற்றபடி படிப்படியாக இருக்கும். நம் ஹார்ட்வேர் கடையில் ‘ஒரு அங்குலம்’ என்று தரும் பிவிசி குழாயின் வெளிவிட்டம் சுமார் 33.5 மி.மீ. பிளம்பர் அதை ரப்பரில் வலிந்து திணித்து கிளாம்ப் போட்டு முறுக்குவார்; அன்றைக்கு ஒழுகாது, ஆறு மாதத்தில் ரப்பர் கிழியும். அளவு பொருந்தும் இணைப்பியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் போய்ச் சேர்ந்ததும் குழாய் கீழே இறங்கி ஆய்வுக்குழிக்கு வரும். அந்த முனை பெட்டியைவிடத் தாழ்வாக இருப்பதால், மோட்டார் நின்ற பிறகும் கீழே இறங்கும் தண்ணீர் மேலிருப்பதை இழுத்துக்கொண்டே போகும். பெட்டி வறண்டு, கழிவுத்தொட்டியின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீரும் போய்விடும். நாற்றம் அறைக்குள் வரும். ஓட்டத்தின் மிக உயர்ந்த இடத்தில் காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு ஒன்று பொருத்தினால் இது நிற்கும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு மெசின் நாறுகிறது என்கிறார்கள்.

சேரும் இடம் கழிவுக்குழாயாகத்தான் இருக்க வேண்டும். பின் லோரோங்கில் (சந்தில்) ஓடும் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரை வேலைக்கு வைக்காதீர்கள். அதில் ஓடுவது ஆற்றுக்குப் போகும் மழைத்தண்ணீர். உங்கள் வளாகத்துக்குள் இருக்கும் ஆய்வுக்குழியில் அல்லது நான்கு அங்குலக் குழாயில், ஓட்டத்தின் திசையில் சாய்ந்த ஒய் இணைப்பு போட்டு மேலிருந்து சேருங்கள். லோரோங்கில் உள்ள பொது மேன்ஹோலைத் துளைப்பது உங்கள் பிளம்பர் சொந்தமாகச் செய்யும் வேலை அல்ல, கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரிடம் கேட்டுத்தான். வீட்டு மாற்றத்துக்கு கோலாலம்பூரில் டிபிகேஎல், பினாங்குத் தீவில் எம்பிபிபி ஆகிய மாநகர மன்றங்களின் அனுமதி வேண்டியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடி என்றால் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள்.

கழிவுத்தொட்டி வாங்கும்போது கழிவு பின்பக்கம் கிடையாக வெளியேறும் பி-டிராப் வகை என்று சொல்லிக் கேளுங்கள். இங்கே கடைகளில் அதிகம் நிற்பது தரைக்குள் இறங்கும் எஸ்-டிராப். அது இந்தப் பெட்டியோடு சேராது. அறை அளவைப் பொறுத்தவரை தொட்டி நிற்கும் இடத்தில் சுவருக்குச் சுவர் 76 செ.மீ. அகலம், முன்னால் 60 செ.மீ. வெற்றிடம் இருந்தால் உட்கார்ந்து எழலாம். படிக்கட்டின் சாய்வுப்பக்கத்தில் பெட்டியையும் நீர்த்தொட்டியையும் வைத்து, எழுந்து நிற்கும் இடம் உயரமான பக்கத்தில் வருமாறு அமையுங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும்: உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.

பெட்டியைச் சுவருக்குப் பின்னால் மறைக்கலாம். ஆனால் டைல் போட்டு மூடிவிடக்கூடாது. பெட்டியை முழுசாக வெளியே இழுக்கும் அளவுக்குத் திறக்கும் பலகை வேண்டும். சவ்வும் சுவிட்சும் தேயும் உறுப்புகள். மாற்றும் நாள் வந்தே தீரும். அடியில் ரப்பர் மெத்தை வையுங்கள், பெட்டி சுவரைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். குழாயை அண்டை வீட்டாரோடு பங்கிட்ட சுவரில் இறுக்கிப் பிடித்தால் இரவு இரண்டு மணிக்கு அவர்கள் வீட்டிலும் மோட்டார் ஓடும். ரப்பர் வைத்த கிளாம்ப் போடுங்கள்.

மின்சாரத்துக்குத் தனி இணைப்பு. தண்ணீர் சூடேற்றிக்குப் போடுவதுபோல் 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு போடுங்கள், சூடேற்றியோடு பங்கு போடாமல். பங்கு போட்டால் ஒன்றில் கசிவு வந்ததும் இரண்டும் நின்றுவிடும். எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை இது, பிளம்பரிடம் விடாதீர்கள்.

கோளாறுகளில் அடிக்கடி வருவது, யாரும் போகாமலே மோட்டார் அவ்வப்போது ஓடி நிற்பது. எங்கோ தண்ணீர் ஒழுகிப் பெட்டிக்குள் வருகிறது என்று அர்த்தம். கழிவுத்தொட்டியின் உள்சுவரைத் துடைத்துவிட்டு, உலர்ந்த டிஷ்யு ஒன்றை ஒட்டி வையுங்கள். அரைமணியில் நனைந்தால் ஃபிளஷ் தொட்டியின் ரப்பர் போய்விட்டது. நனையவில்லை, கைகழுவும் குழாயும் சொட்டவில்லை என்றால் வெளிவாயில் இருக்கும் ஒருவழி வால்வைப் பாருங்கள். 2.4 மீட்டர் ஏறும் 32 மி.மீ. குழாயில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நிற்கும். வால்வில் ஒரு நூல் சிக்கியிருந்தாலும் அது முழுவதும் திரும்பி வந்து சுவிட்சை அமுக்கும், மோட்டார் தள்ளும், மறுபடி வரும்.

நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வெளிக்குழாய் அடைப்பு, அல்லது அழுக்கு ஏறிச் சவ்வுக்குழாய் சிக்கியிருக்கிறது. உறுமல் மட்டும் கேட்டு சுழலாவிட்டால் அலகு இறுகியிருக்கிறது, இல்லையேல் மோட்டாரைச் சுழலவைக்க உதவும் கப்பாசிட்டர் போயிற்று. கடகடவென்று சத்தம் வந்தால் கூடைக்குள் கடினமான பொருள் விழுந்திருக்கிறது. எதுவானாலும் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சுவிட்ச் எப்போது அமுங்கும் என்று யாருக்கும் தெரியாது, உள்ளே இருப்பது கத்தி. சூடேறித் தானாக நின்ற மோட்டாருக்கு அரைமணி நேரம் ஓய்வு கொடுத்துப் பாருங்கள்.

இந்தக் கோளாறுகளில் முக்கால்வாசியை வரவழைப்பது ஈரத் துடைப்பான்கள், பஞ்சு, நாப்கின், பல் இடுக்கு நூல், தலைமுடி. ‘ஃபிளஷ் செய்யலாம்’ என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தாலும் ஈரத் துடைப்பான் அச்சில் கயிறாகத்தான் சுற்றும். அடைப்பு எடுக்கும் காரம், அமிலம் எதையும் ஊற்றாதீர்கள். ரப்பர் சவ்வு வெந்துவிடும். கோலாலம்பூர்த் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, ஆனாலும் சிறுநீர்ப் படிவு சேரும். வருடத்துக்கு இரண்டு தடவை, இரவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இந்தப் பெட்டிகளுக்கென்றே விற்கும் படிவு நீக்கியை அதில் எழுதியிருக்கும் அளவில் கலந்து தொட்டியில் ஊற்றுங்கள். சில மணி நேரம் ஊறவிட்டு, மின்சாரம் கொடுத்து, இரண்டு தடவை ஃபிளஷ் செய்தால் போதும்.

சீலிங்கை மூடுவதற்கு முன் சோதனை ஓட்டம் செய்யச் சொல்லுங்கள். முதலில் பத்து ஃபிளஷ் வெறும் தண்ணீர். ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த டிஷ்யுவைத் தடவிப் பாருங்கள். அப்புறம் டிஷ்யு போட்டுப் பத்து. பின்னால் ஒருவர் ஆய்வுக்குழியருகே நின்று கூழ் வந்து சேருகிறதா என்று பார்க்கட்டும். மோட்டார் ஓடும் விநாடிகளை எண்ணி, பலகையின் உள்பக்கம் பென்சிலில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே ஃபிளஷுக்கு இரு மடங்கு நேரம் எடுத்தால், அடைப்பு தொடங்கிவிட்டது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

கரண்ட் போனால் இந்தக் கழிவறை நின்றுவிடும். பெட்டியில் இடம் குறைவு. மறந்து ஃபிளஷ் செய்தால் தொட்டியிலேயே மேலேறி நிற்கும். இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டியும் சரிவில் ஓடும் இன்னொரு கழிவறை அதே கட்டடத்தில் இருந்தால்தான் இந்தப் பம்புக் கழிவறையை ஏற்கிறது. உங்கள் வீட்டில் பின்னால் இருப்பது அதுதான். இடம் வேண்டும் என்று அதை இடித்து ஸ்டோர் ரூம் ஆக்கிவிடாதீர்கள்; அது வரை போகும் வழியில் இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கும், கரண்ட் இல்லாத இரவுக்கு ஒரு பேட்டரி விளக்கும் வையுங்கள். ஊருக்குப் போகும்போது படிக்கட்டடிக் கழிவறையின் தண்ணீர் வால்வை மூடிவிட்டுப் போங்கள். ஆளில்லாத வீட்டில் ஒழுகும் ரப்பர் ஒன்றே அந்த மோட்டாரை இரவும் பகலும் ஓடவைக்கப் போதும்.